நிலவில் அனுபோகம் யாருக்கு?



நிலவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் 1967ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 27 அன்று வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ ஆகிய மூன்று தலைநகரங்களிலும் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. நிலவையும் மற்ற விண்பொருள்களையும் எந்த நாடும் இறைமை கோரியோ, பயன்படுத்தியோ, குடியமர்ந்தோ, வேறு எவ்வழியிலோ தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாது என்று அது விதித்தது. இரண்டரை ஆண்டு கழித்து ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அங்கே கொடி நட்டார்கள். அது நாட்டுப் பெருமையின் அடையாளமே தவிர உரிமைகோரல் ஆகாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே அதே ஆண்டு ஒரு சட்டத்தில் எழுதி வைத்தது. ஆக, உடைமைக் கேள்வி முடிந்த கதை. ஆனால் அதே ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, விண்வெளியை ஆராயவும் பயன்படுத்தவும் எல்லா நாடுகளுக்கும் தடையற்ற உரிமை உண்டு என்கிறது. எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், எவ்வளவு பரப்பில், ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வந்தால் என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் அதில் தெளிவான விடை கிடையாது. மற்றவர் நலனை உரியவாறு கருத வேண்டும், இடையூறு வரும் என்று தோன்றினால் கலந்து பேச வேண்டும் என்பதோடு ஒன்பதாம் பிரிவு நின்றுகொள்கிறது. நான் இன்று நிறுவ விரும்புவது இதுதான்: மனிதர் நிலவில் தங்கத் தொடங்கும்போது வரப்போகும் தகராறு பட்டாவைப் பற்றி வராது, அனுபோகத்தைப் பற்றி வரும். அனுபோகத்துக்குக் கால வரம்பு வைக்காமல் விட்டால், முதலில் போய் உட்கார்ந்தவர் பெயரில் மட்டும் உடைமையாளராக இல்லாமல் மற்ற எல்லா வகையிலும் உடைமையாளர் ஆகிவிடுவார்.

முதலில் வேடிக்கையை ஒதுக்கிவிடலாம். டென்னிஸ் ஹோப் என்ற அமெரிக்கர் 1980 முதல் நிலவு நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்றுப் பத்திரம் கொடுத்து வந்தார். ஒப்பந்தம் நாடுகளைத்தானே தடுக்கிறது, தனிமனிதரைத் தடுக்கவில்லையே என்பது அவர் வாதம். கிரெகரி நெமிட்ஸ் என்பவர் ஈரோஸ் என்ற சிறுகோளைத் தன்னுடையது என்று அறிவித்துக்கொண்டு, 2001இல் நாசாவின் நியர் ஷூமேக்கர் விண்கலம் அதில் இறங்கியதும் நிறுத்துமிடக் கட்டணமாக 20 டாலர் கேட்டுச் சீட்டு அனுப்பினார். பிறகு வழக்கும் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டிலும் அதே கதிதான். இவர்களுக்கான பதில் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவில் இருக்கிறது. தனியார் விண்வெளியில் செய்யும் செயலுக்கும் அவரவர் நாடே பொறுப்பு. அனுமதி தருவதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அந்நாட்டின் கடமை. அரசுக்கே இல்லாத நிலத்தை அரசின் குடிமகனுக்கு யார் எழுதிக்கொடுப்பது? நிலவில் மனை வாங்கியவர்களிடம் இருப்பது நல்ல தாளில் அச்சிட்ட பிறந்தநாள் பரிசு. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சீரியசான பகுதி 2015இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், விண்வெளியில் ஓர் அமெரிக்கக் குடிமகன் எடுக்கும் வளத்தை வைத்திருக்கவும், சொந்தமாக்கவும், கொண்டுசெல்லவும், விற்கவும் அவருக்கு உரிமை தந்தது. இதனால் எந்த விண்பொருளின் மீதும் அமெரிக்கா இறைமை கோரவில்லை என்று கூடவே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டது. 2017இல் லக்சம்பர்க், 2019இல் ஐக்கிய அரபு அமீரகம், 2021இல் ஜப்பான் என்று வரிசையாக இதே வழியில் சட்டங்கள் வந்தன. இந்திய விண்வெளிக் கொள்கை 2023 நம் தனியார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ அதே சொற்களில் அதே உரிமையைத் தருகிறது. இந்தியாவின் பன்னாட்டுக் கடமைகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனை உண்டு. சந்திரயானைக் கொண்டாடிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட நாம் இந்த வரியைப் பற்றிப் பேசவில்லை. இதற்கிடையே 2020 அக்டோபர் 13 அன்று எட்டு நாடுகள் அமெரிக்கா முன்னின்று வகுத்த ஆர்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா 2023 ஜூன் 21 அன்று சேர்ந்தது. வளத்தை எடுப்பது மட்டுமே நாட்டு உடைமையாக்கம் ஆகிவிடாது என்பது அதன் நிலைப்பாடு. இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே வாதம்: நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பிடித்த மீன் வலைபோட்டவருக்குச் சொந்தம்.

இந்த வாதத்தை நடைமுறையில் நிலைநாட்ட நாசா செய்த ஒரு காரியத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் அது நிலவு மண் வாங்க நான்கு ஒப்பந்தங்கள் போட்டது. நிபந்தனை எளிது: நிலவில் எங்காவது 50 முதல் 500 கிராம் வரை மண்ணை அள்ளி, படம் எடுத்து அனுப்பி, கிடக்கும் இடத்திலேயே நாசாவுக்கு உடைமை மாற்றித் தந்தால் போதும். பூமிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனமும் அதன் ஐரோப்பியக் கிளையும் தலா 5,000 டாலர் கேட்டன. மாஸ்டன் 15,000 கேட்டது. கொலராடோவின் லூனார் அவுட்போஸ்ட் கேட்டது ஒரே ஒரு டாலர். கையெழுத்தானதும் பத்து விழுக்காடு, ஏவும்போது பத்து, ஒப்படைத்ததும் எண்பது என்று தவணை. ஆகவே லூனார் அவுட்போஸ்டுக்கு உரிய முதல் தவணை 10 சென்ட். அறிவியலுக்காக இந்த மண் தேவைப்படவில்லை. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ரசீது. நிலவில் ஒருவர் எடுத்தார், இன்னொருவர் வாங்கினார், உலகம் அதை வணிகமாக ஏற்றது என்று நாளை எடுத்துக்காட்ட ஒரு முன்னுதாரணம். நடந்ததோ வேறு. மாஸ்டன் 2022இல் திவாலாகிவிட்டது. ஐஸ்பேஸ் அனுப்பிய இரண்டு தரையிறங்கிகளும் 2023 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் மோதி நொறுங்கின. லூனார் அவுட்போஸ்டின் ஊர்தியைச் சுமந்து 2025 மார்ச்சில் இறங்கிய கலம் பக்கவாட்டில் சாய்ந்துவிட, ஊர்தியால் வெளியே வரவே முடியவில்லை. சரக்கு கைமாறவில்லை, ஆனால் அந்த விலைபேசலை எந்த நாடும் தடுத்து நிறுத்தவும் இல்லை.

எடுத்த பொருள் எடுத்தவருக்கு என்பதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1970இல் சோவியத்தின் லூனா 16 கொண்டுவந்த மண்ணிலிருந்து மூன்று துகள்கள் ராக்கெட் வல்லுநர் கொரோலெவின் மனைவிக்குப் பரிசாகத் தரப்பட்டிருந்தன. 0.2 கிராம் எடையுள்ள அவை 1993இல் நியூயார்க்கின் சோதபி ஏலத்தில் 4,42,500 டாலருக்கு விலைபோயின. 2018இல் மறு ஏலத்தில் 8,55,000 டாலர். தனியுடைமையை ஒழிக்கப் புறப்பட்ட அரசே நிலவுத் துகளைத் தனியாருக்குக் கொடுத்திருக்கிறது என்றால், இதில் கொள்கைச் சண்டை போட இனி அதிகம் இல்லை. என் ஐயம் அந்த மீன் வாதத்தின் மேல்தான். மீன் நீந்துகிறது, பெருகுகிறது. ஒரு படகு போன இடத்தில் நாளை இன்னொரு படகு வலை வீசலாம். பனிக்கட்டி நீந்தாது, குட்டி போடாது. அதை எடுக்க வேண்டுமானால் அது இருக்கும் இடத்தில் இயந்திரத்தோடு போய் உட்கார வேண்டும். தீரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

இங்கேதான் மனிதர் காட்சிக்குள் வருகிறார். இயந்திரம் மட்டும் போகிறவரை சிக்கல் பெரிதில்லை. இந்தியாவின் விக்ரம் தரையிறங்கி 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கி, ஒரு நிலவுப் பகலை, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாளை, வேலையில் கழித்துவிட்டு உறங்கிப்போனது. மனிதர் தங்க வேண்டுமானால் இரண்டு வார இரவில் மின்சாரம் வேண்டும். குடிக்க நீர், மூச்சுக்கு ஆக்சிஜன், திரும்ப எரிபொருள் வேண்டும். எல்லாவற்றையும் பூமியிலிருந்து சுமந்து கட்டுப்படியாகாது. நிலவின் அச்சு ஏறத்தாழ ஒன்றரை பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதனால் துருவத்துப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயில் பட்டதில்லை. அருகிலேயே சில முகடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் மறைவதில்லை. சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசா கருவி நீரின் தடயத்தைக் கண்டதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில் கேபியஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டு, எழுந்த புழுதியில் எடைக்கு 5.6 விழுக்காடு அளவில் நீர் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நிரந்தர இருட்டில் பனி, அதன் விளிம்பில் நீங்காத வெயில்: இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடங்களில் ஒன்று 21 கிலோமீட்டர் அகலமுள்ள ஷேக்கில்டன் பள்ளம். மனிதர் இறங்கத் தகுந்தவை என்று நாசா 2022இல் அறிவித்த 13 பகுதிகளும் தென்துருவத்தை ஒட்டியவை. 2024இல் அவை ஒன்பதாகச் சுருங்கின. சீனாவின் கண்ணும் அங்கேதான். நிலவு ஆப்பிரிக்காவை விடப் பெரிது, 3.8 கோடி சதுர கிலோமீட்டர், இதில் யாருக்கு இடப் பஞ்சம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பனி நிலைத்திருக்கக் கூடிய நிழற்பரப்பு மொத்தமும் ஒரு மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் அருகே வெயில் முகடும் வேண்டும், இறங்கச் சமதரையும் வேண்டும் என்றால் தேறுவது இன்னும் சொற்பம்.

அந்தச் சொற்ப இடத்தில் ஒருவர் வந்து அமர்ந்தபின் மற்றவரை எப்படி விலக்கி வைப்பார்? வேலி போட வேண்டாம், இயற்பியலே வேலி போடும். 1969 நவம்பரில் அப்பல்லோ 12, முன்பே அங்கு நின்றிருந்த சர்வேயர் 3 கலத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் தள்ளி இறங்கியது. விண்வெளி வீரர்கள் சர்வேயரின் பாகங்கள் சிலவற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது எஞ்சின் கிளப்பிய புழுதி அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் பொத்தலிட்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் தூசிக்குத் தடை கிடையாது. எழுந்த வேகத்திலேயே வெகுதூரம் பாயும். எனவே, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ஆர்டெமிஸ் உடன்படிக்கை பேசும் பாதுகாப்பு மண்டலங்கள் நேர்மையான தேவை, ஏமாற்று வேலை என்று யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் நேர்மையான தேவையே நிரந்தர விலக்காக மாறும் வழியும் அதுதான். மார்ட்டின் எல்விஸ் என்ற வானியலாளரும் உடன் எழுதியோரும் 2016இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: சூரியனை ஆராய என்று ஒரு வெயில் முகட்டின் நெடுகிலும் ஓர் அலைவாங்கிக் கம்பியை விரித்துவிட்டால், ஆய்வுக்கு இடையூறு கூடாது என்ற ஒரே காரணம் போதும், அந்த முகடு மற்றவர்க்கு இல்லை என்றாகிவிடும். நம் வருவாய்த் துறையின் அனுபவம் இதை நன்றாக விளக்கும். புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் பி மெமோ கொடுத்துத் தண்டத் தீர்வை வாங்குவார். நீ இருப்பது தவறு என்று சொல்லும் காகிதம் அது. பத்து இருபது ஆண்டு போனபின் அந்த ரசீதுகளையே அடுக்கி வைத்து, நான் இத்தனை காலமாக இங்கே இருக்கிறேன் என்று பட்டாவுக்கு மனு எழுதுவார்கள்.

இது ஊகம், இன்னும் நடக்காததைப் பற்றிய பயம் என்று சொல்லலாம். விண்வெளியிலேயே ஒரு முறை நடந்துவிட்டது என்பதுதான் என் சான்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும். தொலைக்காட்சிக்கும் தொலைத்தொடர்புக்கும் அதைவிட வாகான இடம் கிடையாது. அப்படி ஒரே ஒரு வளையம்தான் உண்டு. 1976 டிசம்பர் 3 அன்று கொலம்பியா, ஈக்வடார், கென்யா, இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு மேல் உள்ள வளையம் எங்கள் இயற்கை வளம் என்று அறிவித்தன. உலகம் ஏற்கவில்லை, ஒப்பந்தப்படி அது ஏற்கத் தக்கதும் அன்று. ஆனால் அந்த எட்டு நாடுகளின் ஆதங்கம் நியாயமானது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முதலில் பதிந்தவருக்கு முதலிடம் என்ற முறையில் இடங்கள் போய்க்கொண்டிருந்தன. செயற்கைக்கோள் செய்யத் தெரிந்த நாடுகள் சிலவே. ஒரு செயற்கைக்கோள் காலாவதியானால் அதே இடத்தில் அதே உரிமையில் அடுத்ததை வைக்கலாம். சட்டத்தில் அது வெறும் பயன்பாட்டு உரிமை. நடப்பில் பரம்பரைச் சொத்து. 1980களின் இறுதியில் டோங்கா என்ற பசிபிக் தீவு அரசு, தனக்கென ஒரு செயற்கைக்கோளும் இல்லாத நிலையில், 16 இடங்களுக்கு விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, கிடைத்த இடங்களை வாடகைக்கு விட்டது. பணக்கார நாடுகள் முகம் சுளித்தன. விளையாட்டின் விதியை ஓர் ஏழை நாடு சரியாகப் படித்துவிட்டது என்பதைத் தவிர அதில் குற்றம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் ஒன்றியம் சில திருத்தங்கள் செய்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் ஓர் இடமாவது ஒதுக்கும் திட்டம் 1988இல் வந்தது. பதிந்த இடத்தை ஏழு ஆண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் பதிவு போய்விடும் என்ற விதியும் இருக்கிறது. பாதி வளையம் நிறைந்தபின் வந்த திருத்தங்கள் என்றாலும், உடைமை பேசாமல் கால வரம்பு பேச முடியும் என்பதற்கு அவை சான்று.

விண்வெளிக்கு முன்பே கடலில் இது நடந்தது, அதுவும் நம் கரையோரம். சுவிட்சர்லாந்துக்காரரான எமெரிக் டி வாட்டெல் 1758இல் வெளியிட்ட நாடுகளின் சட்டம் என்ற நூலில், திறந்த கடலை எவரும் தனதாக்க முடியாது என்ற கொள்கைக்கு விலக்குத் தேடும்போது எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள் பஹ்ரைனின் முத்துப் படுகையும் இலங்கையின் முத்துப் படுகையும். ஓரிடத்தில் நிலைத்திருப்பது, எடுத்தால் தீரக் கூடியது என்பதால் அவை உடைமை ஆகலாம் என்பது அவர் முடிவு. அவர் சொன்னது மன்னார் வளைகுடா. பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக் விரிகுடாச் சங்குப் படுகையில் குளித்தெடுத்த சங்கு பற்றிய வழக்கொன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த நீர்ப்பரப்பு திறந்த கடலன்று, நெடுங்காலமாக ஆளுகையிலும் அனுபவத்திலும் இருந்து வருவது என்றே நீதிமன்றம் கொண்டது. நெடுங்கால அனுபவம் என்ற சொல் அங்கே செய்த வேலையைக் கவனியுங்கள். கடலைப் பற்றிய பொது விதி மாறவில்லை. படுகை மட்டும் அதிலிருந்து மெல்லக் கழன்றுகொண்டது. நிலவில் பனிக்கட்டிப் பள்ளம் அதே இயல்புடையது: நிலைத்திருப்பது, தீரக் கூடியது.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது முதலீட்டைப் பற்றியது. நிரந்தர உடைமை இல்லாத இடத்தில் யார் கோடிக்கணக்கில் பணம் போடுவார்கள்? மேலே சொன்ன சுற்றுப்பாதையே இதற்கு நேர் எதிர்ச்சான்று. ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லாத இடத்தில்தான் உலகச் செயற்கைக்கோள் தொழில் முழுவதும் வளர்ந்திருக்கிறது. கடலடி எண்ணெய் எடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் கடற்படுகை சொந்தமில்லை, குத்தகைதான். நம் கைபேசி நிறுவனங்கள் ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றைக்கு ஆயுள் 20 ஆண்டு. அதை நம்பித்தான் வங்கிகள் கடன் கொடுக்கின்றன. முதலீட்டாளருக்கு வேண்டியது இத்தனை ஆண்டு என்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற உறுதி. என்றென்றைக்கும் என்பது அவருடைய கணக்குப் புத்தகத்தில் இல்லாத சொல். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை என்ன செய்யும் என்பதும் நமக்குப் புதிதில்லை. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தபோது, இயற்கை வளத்தைப் பிரித்துக்கொடுக்க அந்த முறையே அடிப்படையில் கோளாறானது என்றது. ஏலம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று அதே ஆண்டு பிறகு தெளிவுபடுத்தியது. முன்னே ஓடத் தெரிந்தவருக்குச் சாதகமான முறை என்ற குறை அப்படியே நிற்கிறது. நிலவுக்கு முன்னே ஓடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் சலிப்பிலிருந்து வருவது: வல்லரசுகள் நினைத்ததைச் செய்யும், ஒப்பந்தம் வெறும் காகிதம். அப்படியானால் உலகின் மிக வலிய அரசு ஏன் ஒரு டாலர் ரசீதுக்கு அவ்வளவு மெனக்கெட்டது? 2015 சட்டத்தில் இறைமை கோரவில்லை என்ற வரியை ஏன் நுழைத்தது? வலியவர்களுக்கும் தாங்கள் செய்வது சட்டத்துக்கு உட்பட்டது என்று காட்ட வேண்டிய தேவை இருக்கிறது, காரணம் எதிர்க்கரையில் இன்னொரு வலியவர் இருக்கிறார். சீனாவும் ரஷ்யாவும் 2021இல் தங்கள் பன்னாட்டு நிலவு ஆய்வு நிலையத் திட்டத்தை வெளியிட்டுவிட்டன. இருவரில் யார் எந்த முகட்டை முதலில் அடைவார் என்று இருவருக்குமே உறுதியாகத் தெரியாத இந்தச் சில ஆண்டுகள்தான் விதி எழுதத் தோதான காலம். ஒருவர் உட்கார்ந்தபின் அவருக்கு விதி கசக்கும்.

இன்னொரு திசையிலிருந்து வரும் வாதம் எனக்கு நெருக்கமானது, ஆனாலும் ஏற்க முடியாதது. விண்பொருள்கள் மனிதகுலத்தின் பொது மரபுரிமை என்று 1979 நிலவு உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறதே, அதையே எல்லாரும் ஏற்கச் செய்தால் என்ன? 1984இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் இன்றும் இருபது நாடுகள்கூட இல்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. சவூதி அரேபியா 2024 ஜனவரியில் விலகியே போனது. அதன் பலவீனம் இலட்சியத்தில் இல்லை. வளத்தை எடுப்பது சாத்தியமாகும் தறுவாயில் ஒரு நிர்வாக முறையை உருவாக்கிக்கொள்வோம் என்று முக்கியமான வேலையைத் தள்ளிப்போட்டதில் இருக்கிறது. ஆழ்கடல் இதைவிட நல்ல பாடம் தருகிறது. மால்ட்டாவின் ஆர்விட் பார்டோ 1967இல் ஐ.நா.வில் பேசியதிலிருந்து வளர்ந்த அதே பொது மரபுரிமைக் கருத்து, அங்கே அளவும் ஆண்டும் போட்ட விதியாக இறங்கியது. 1987இல் இந்தியா முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு பெற்று, மத்திய இந்தியப் பெருங்கடலில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பெற்றது. ஆய்வு நடத்தி, விதிப்படி பாதியைத் திருப்பிக் கொடுத்து, 75,000 சதுர கிலோமீட்டரை வைத்துக்கொண்டது. இடத்தைத் திருப்பிக் கொடுத்த அனுபவமுள்ள நாடு நாம் என்பது சிறிய தகுதியன்று. அந்த ஆழ்கடல் விதிகளை நடத்தும் பன்னாட்டு அமைப்பும் பத்திரமாக இல்லைதான். அதன் உறுப்பினராகாத அமெரிக்கா, 2025 ஏப்ரலில் ஓர் அதிபர் ஆணை மூலம் ஆழ்கடல் சுரங்கத்துக்குத் தானே உரிமம் தரும் வழியில் இறங்கியது. ஆனால் மீறுவதற்கு அங்கே ஒரு விதி இருக்கிறது, மீறல் மீறலாகத் தெரிகிறது. நிலவில் அதுவும் இல்லை.

செவ்வாயைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் 2020ஆம் ஆண்டு ஒப்பந்த நிபந்தனைகளில், செவ்வாய் ஒரு சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரம் இல்லை என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது. இணைய இணைப்பு வாங்குகிறவரிடம் கோள் அரசியலில் சம்மதம் வாங்கும் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை: கலத்தைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரம் கலத்தோடும் அதில் உள்ளவரோடும் கூடவே போகிறது என்கிறது விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழ்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் அதை அனுப்பிய தரப்பின் அதிகாரத்தில் இருக்கிறது, யாருக்கும் அங்கே நாடு தேவைப்படவில்லை. தலைமுறைகள் கடந்து செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தன்னாட்சி கேட்டால் அது வேறு வழக்கு. அதை இன்றைய பங்குதாரர்கள் முன்கூட்டியே தங்கள் பெயரில் பதிந்துகொள்ள முடியாது.

வியன்னாவில் ஐ.நா. விண்வெளிக் குழுவின் கீழ் விண்வளங்களுக்கான பணிக்குழு ஒன்று 2021இல் அமைக்கப்பட்டது; 2027க்குள் கொள்கைத் தொகுப்பைத் தருவது அதன் திட்டம். இந்தியாவில் விண்வெளிச் செயல்பாடுகளுக்கான நாடாளுமன்றச் சட்டம் இன்னும் வரவில்லை, கொள்கைதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நாம் கேட்க வேண்டியவை மிகச் சில. பாதுகாப்பு மண்டலம் எதுவானாலும் அதற்கு ஆரமும் ஆண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். பயன்படுத்தாத இடம் தானாகக் கழிய வேண்டும், பனியைத் தேடிக் கண்ட தரவு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எல்லாருக்கும் திறக்க வேண்டும், ஆய்வுக்குப் பெற்ற பரப்பில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஆர்டெமிஸ் உடன்படிக்கையே மண்டலங்கள் தற்காலிகமானவை என்று ஒப்புக்கொள்கிறது; செயல் முடிந்ததும் முடியும் என்கிறது. ஆனால் செயல் எப்போது முடிந்தது என்று சொல்லும் உரிமை செய்பவரிடமே இருக்கிறது.

இந்தக் கேள்வி நம்மையே வந்து தொடும் இடம் ஒன்று உண்டு. விக்ரம் உறங்கிவிட்டது, ஆனால் அதன் மேல் நாசா பொருத்திய சிறு எதிரொளிப்பான் உறங்கவில்லை. 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் அனுப்பிய லேசர் கதிர் அதில் பட்டுத் திரும்பியது. மின்சாரமே வேண்டாத அந்தக் கண்ணாடி இன்னும் பல்லாண்டு வழிகாட்டிக் கல்லாகப் பயன்படும். அப்படியானால் அந்த இடத்தில் இந்தியாவின் செயல் முடிந்துவிட்டதா, தொடர்கிறதா? தொடர்கிறது என்றால் எவ்வளவு தூரத்துக்கு யாரும் வரக் கூடாது, எந்த ஆண்டு வரை? நாசா 2011இல் அப்பல்லோ 11 இடத்துக்கு 75 மீட்டர், அப்பல்லோ 17 இடத்துக்கு 225 மீட்டர், புதிய கலங்கள் இறங்க இரண்டு கிலோமீட்டர் என்று தூரங்களைப் பரிந்துரைத்தது. முடிவுத் தேதி எதற்கும் இல்லை. சந்திரயான்-4 நிலவு மண்ணை எடுத்துவரப் புறப்படுமுன், ஜப்பானோடு சேர்ந்து துருவப் பனியைத் தேடும் கலம் கிளம்புமுன், விக்ரமைச் சுற்றி இத்தனை மீட்டர், இத்தனை ஆண்டு, அதன்பின் புதுப்பிக்காவிட்டால் எங்கள் கோரிக்கை இல்லை என்று இந்தியா அறிவிக்கலாம். முடிவுத் தேதியோடு நிலவில் வைக்கப்படும் முதல் கோரிக்கையாக அது இருக்கும். அதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை, வேறு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை. விண்வெளி ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவின் கீழ் ஐ.நா. பொதுச்செயலருக்கு வெளியுறவுத் துறை எழுதும் ஒரு கடிதம் போதும்.